அஞ்சலட்டை முதல் கைப்பேசி வரை: தென்சென்னைக் குடும்பங்களில் உறவும் உரையாடலும்

அஞ்சலட்டையின் விலை இன்றைக்கும் 50 பைசாதான். 1879ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று காலணா விலையில் இந்தியாவில் அறிமுகமான அந்தச் சிறு அட்டையும், 1950ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி வெளிவந்த இன்லண்டு கடிதம் என்னும் நீலக் காகிதமும், சென்னையின் தென்பகுதியில் குடியேறிய குடும்பங்களின் சுகதுக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து திரிந்தவை. மயிலாப்பூர்க் கச்சேரி சாலைத் தபால் நிலையத்தில் அவற்றை வாங்குவோர் இன்று அருகிவிட்டனர். அதே வட்டாரத்து மாட வீதிகளில், மாலை ஆறரை மணிக்குச் சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு, கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, நியூஜெர்ஸியில் காலைப் பலகாரம் உண்டுகொண்டிருக்கும் பேரக் குழந்தையோடு பேசத் தொடங்கும் முதியவர்களை வீட்டுக்கு வீடு காணலாம். அரை நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இந்த மாறுதல் மனித உறவுகளை வளர்த்திருக்கிறதா, தேய்த்திருக்கிறதா என்ற கேள்வி இன்று எந்த வீட்டுத் திண்ணையிலும் எழுகிறது. அதற்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. கடிதம் போனதோடு பாசமும் போயிற்று என்பார் ஒரு சாரார். உலகமே உள்ளங்கைக்குள் வந்துவிட்டபின் தூரமாவது, பிரிவாவது என்பார் மற்றொரு சாரார்.

இவ்விரண்டு அபிப்பிராயங்களிலும் சத்தியத்தின் ஓர் அம்சம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இரண்டுமே சாதனத்தின்மேல் பழியையோ புகழையோ ஏற்றிவிட்டு, அதைக் கையாளும் மனிதர்களின் காரியத்தை மறந்துவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட மனிதரை மனத்தில் நிறுத்தி, அவருக்கென்றே சொல்லப்பட்டு, அவருடைய மறுமொழியை எதிர்நோக்கி நிற்கும் வார்த்தை எந்தச் சாதனத்தின் வழியாகப் போனாலும் உறவை வளர்க்கிறது; எவருக்கும் பொருந்துமாறு ஆக்கப்பட்டு எல்லோருக்கும் ஒருங்கே அனுப்பப்படும் வார்த்தை எத்தனை வேகமாகப் போய்ச் சேர்ந்தாலும் உறவுக்கு உரமாவதில்லை. இதுவே என் துணிபு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் வாழ்க்கையையும், அறிஞர் சிலர் நடத்திய ஆராய்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தத் துணிபுக்கு ஆதாரங்கள் கிடைக்கின்றன.

முதலில் கடிதம் எத்தகைய சாதனமாக இருந்தது என்பதை உள்ளபடி அறிவது நலம். கடிதம் அந்தரங்கமானது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அது அப்படி இருக்கவில்லை. அஞ்சலட்டையைத் தபால்காரரும் படிக்கலாம், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டுக்காரரும் படிக்கலாம். உறையிட்டு வந்த கடிதமும் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கப்பட்டது. புக்ககத்திலிருந்து தன் தாய்க்கு எழுதும் இளம்பெண், மாமனாரோ மைத்துனரோ தபாலில் சேர்க்கப்போகும் காகிதத்தில், ‘இங்கு யாவரும் க்ஷேமம்’ என்று எழுதுவதையன்றி வேறென்ன எழுதியிருக்க முடியும்? அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் என்ன துயரம் கிடந்தது என்பதைத் தாய்மார்கள் எழுத்தின் சாய்விலிருந்தும், வழக்கத்துக்கு மாறான சுருக்கத்திலிருந்தும் ஊகித்துக்கொண்டார்கள். கடித காலத்தைப் பொற்காலமாகப் போற்றுகிறவர்கள் அக்காலத்துப் பெண்களை ஒரு முறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று மணமாகிச் சென்ற மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேனும் தாயோடு ஐந்து நிமிஷம் மனம்விட்டுப் பேச முடிகிறது என்றால், நவீன சாதனங்களின் கணக்கில் அந்த ஒரு நன்மையைப் பெரிய எழுத்தில் எழுதத்தான் வேண்டும்.

ஆயினும் கடிதத்துக்கு வேறொரு சக்தி இருந்தது. அதை அறிவதற்குத் தென்சென்னையிலேயே ஒரு சிறந்த சான்று இருக்கிறது. பெசன்ட் நகரில் உள்ள மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943ஆம் ஆண்டு அடையாற்றில் தொடங்கப்பெற்றது. ஐயரவர்களின் ஏடுகளோடும் புத்தகங்களோடும், பற்பலர் அவருக்கு எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, ‘உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்’ என்ற பெயரில் நூல்நிலையத்தார் வெளியிட்டிருக்கிறார்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஐயரவர்கள், சிந்தாமணிக்கும் பத்துப்பாட்டுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் ஏடு தேடி, ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். திருவாவடுதுறை மடத்திலிருந்தும், யாழ்ப்பாணத்தாரான சி.வை. தாமோதரம் பிள்ளையிடமிருந்தும், பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்ஸோனிடமிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. வின்ஸோன் தமிழிலேயே எழுதினார். கப்பலில் ஏறி, கடல் கடந்து, வாரக்கணக்கில் பிரயாணம் செய்து வந்த அந்தக் காகிதங்களில் பாரிஸ் புத்தகசாலையிலிருந்த தமிழ் ஏடுகளைப் பற்றிய செய்திகள் வந்தன. தமிழின்பால் கொண்ட அன்பொன்றே ஆதாரமாக, கடிதத்தாலேயே ஒரு சிநேகம் உருவாகி ஆண்டுக்கணக்கில் நிலைத்தது.

அந்தச் சிநேகம் நிலைத்ததற்குக் காரணம் தபால் மெதுவாகப் போனது என்று சொல்லிவிடுவது எளிது. மெதுவாகப் போன எத்தனையோ கடிதங்கள் சம்பிரதாய வாக்கியங்களோடு தொடங்கிச் சம்பிரதாய வாக்கியங்களோடு முடிந்து மறைந்தன. ஐயரவர்களுக்கு எழுதியவர்கள் அவர் எதைத் தேடுகிறார் என்பதை அறிந்து, அவருக்குப் பயன்படக்கூடியதைத் தேடி எடுத்து, அவருடைய வினாவுக்கு விடையாக எழுதினார்கள். அவரும் அவ்வாறே பதில் விடுத்தார். வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தவும் செய்தார். பரஸ்பரம் ஒருவர்மேல் ஒருவர் வைத்த கவனமே அங்கே உறவாயிற்று.

இதே கவனத்தை வேறொரு தளத்தில், கணவன் மனைவி உறவில், புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்களில் பார்க்கலாம். மனைவி கமலா திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருந்த காலங்களில், சென்னையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டு அவர் எழுதிய கடிதங்கள், இளையபாரதியின் தொகுப்பாகக் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் நூலாகியிருக்கின்றன. பணமுடையும், வேலையின் சங்கடங்களும், பிரிவின் ஏக்கமும் நிறைந்த அக்கடிதங்களைப் படிக்கும்போது, கதைகளில் அத்தனை கூர்மையாக உலகத்தைப் பார்த்த மனிதர் ஒருத்தியின் முன்னால் எவ்வளவு நெகிழ்ந்து நிற்கிறார் என்பது தெரிகிறது. 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி அவர் காலமானார். அந்தத் தாம்பத்தியத்தின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால், அது காகிதத்தில் எழுதப்பட்டிருந்ததனால்தான். இந்த விஷயத்தைக் கடைசியில் மறுபடியும் கவனிப்போம்.

தொலைபேசியின் வரலாறு வேறுவிதமானது. 1881ஆம் ஆண்டிலேயே எர்ரபாலு செட்டித் தெருவில் சென்னையின் முதல் தொலைபேசி நிலையம் ஏற்பட்டுவிட்டபோதிலும், சாதாரண மத்தியதரக் குடும்பங்களின் கூடத்துக்கு அந்தக் கருவி வந்துசேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாயிற்று. மனுச்செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் ஒரு தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் தொலைபேசி இருக்கும். மற்றவர்கள் தங்கள் விலாசச் சீட்டிலும் லெட்டர்ஹெட்டிலும் அண்டைவீட்டு எண்ணை எழுதி, பக்கத்தில் ‘பி.பி.’ என்று குறித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு எழுத்துகளுக்குள் ஒரு சமூக ஏற்பாடே அடங்கியிருந்தது. எதிர்வீட்டு மாமி மாடிப்படியேறி வந்து, ‘பம்பாயிலிருந்து உங்கள் பிள்ளை கூப்பிடுகிறான், ஓடி வாருங்கள்’ என்பாள். இவர்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார்கள். பூட்டிய டயலும், மேலே போர்த்திய பின்னல் துணியுமாக முக்காலியில் வீற்றிருக்கும் அந்தக் கறுப்புக் கருவியைக் காதில் வைத்து, மூன்று நிமிஷத்துக்குள் சொல்லவேண்டியதையெல்லாம் இரைந்து சொல்லிவிட்டு வைக்கும்போது, அந்த வீட்டார் முழுவதும் விஷயத்தை அறிந்திருப்பார்கள். ‘பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா?’ என்று விசாரித்து ஒரு டம்ளர் காபியும் கொடுப்பார்கள். அந்தரங்கம் குறைந்தது உண்மை. அதற்குப் பிரதியாக அண்டைவீட்டார் என்ற உறவு அந்த ஒரு கருவியினால் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. எஸ்.டி.டி. பூத்துகளின் வருகையோடு இந்த ஏற்பாடு தளர்ந்தது. 1995இல் செல்பேசி வந்து, 2003இல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணமும் நீங்கியபின், முற்றிலும் மறைந்தது. நாம் இழந்த உறவுகளைக் கணக்கிடும்போது மகனையும் மகளையும் மாத்திரம் எண்ணுகிறோம். எதிர்வீட்டு மாமியை யாரும் எண்ணுவதில்லை.

1995ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே பத்தாண்டுகளில்தான் தென்சென்னை வீடுகளிலிருந்து பொறியியல் படித்த பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்குப் போனார்கள். அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் விடியற்காலை வரிசைகள் நீண்டன. பிள்ளைகள் போன பாதையும் அவர்கள் குரல் திரும்பிவந்த பாதையும் இங்கே மிகவும் நெருங்கியிருக்கின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் கிடக்கும் கேபிள் 2002இல் இயங்கத் தொடங்கியது. அது கரையேறும் இடம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோம். கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் குடியிருக்கும் பாட்டிக்குப் பேத்தியின் முகத்தைக் கொண்டுவரும் ஒளிக்கதிர்கள் இப்படிக் கடலடிக் கண்ணாடி இழைகளின் வழியாகவே இக்கரையை வந்தடைகின்றன. முன்பு மரணச் செய்தியைச் சுமந்து வந்து வீட்டையே நடுங்கவைத்த தந்தி, 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுபோயிற்று.

இனி ஆராய்ச்சியாளர்கள் கூறுவதைப் பார்க்கலாம். இணையம் வீடுகளுக்குள் நுழைந்த புதிதில், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ராபர்ட் கிரவுட் முதலியோர் 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேரை ஓரிரண்டு ஆண்டுகள் கவனித்து, இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களுக்கு வீட்டாரோடு பேச்சுக் குறைந்து தனிமையும் சோர்வும் சற்றே கூடின என்று 1998இல் எழுதினார்கள். உலகெங்கும் அது பேசப்பட்டது. ஆனால் அதே குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை: அந்தத் தீங்குகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன, இயல்பாகவே பலரோடு பழகும் சுபாவமுள்ளவர்களும் சுற்றத்தாரின் ஆதரவு உள்ளவர்களும் இணையத்தால் மேலும் நன்மை பெற்றார்கள், ஒதுங்கி வாழும் சுபாவத்தினர் அப்பயனைப் பெறவில்லை. ஏற்கெனவே உள்ள உறவைச் சாதனம் பெருக்கிக் காட்டுகிறது, இல்லாத உறவை அது சிருஷ்டிப்பதில்லை என்பதே இதன் தாற்பரியமாக எனக்குத் தோன்றுகிறது.

குரலின் ஸ்தானத்தைப் பற்றி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்ஸரும் அவருடைய சகாக்களும் செய்து 2012இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் அழகானது. சிறுமியருக்குச் சற்று மனக்கலக்கம் உண்டாக்கும் ஒரு தேர்வை வைத்துவிட்டு, பிறகு சிலரைத் தாயோடு நேரிலும், சிலரைத் தொலைபேசியிலும், சிலரை எழுத்துச் செய்தியிலும் பேசவிட்டார்கள். நேரில் பேசியவர்களுக்கும் குரல் கேட்டவர்களுக்கும் கலக்கம் தணிந்து, அன்பின் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற சுரப்பு உடலில் கூடிற்று. எழுத்தில் மட்டும் ஆறுதல் பெற்றவர்களின் உடல்நிலையோ, தாயோடு எவ்விதத் தொடர்பும் கொள்ளாதவர்களின் நிலையையே ஒத்திருந்தது. ஒரு பரிசோதனையைக் கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது; அதிலும் சிறுமியரின் நிலை வேறு, முதியோரின் நிலை வேறு. ஆயினும் ‘நீ பேசினால் போதுமடா, எழுதாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லும் மயிலாப்பூர்த் தாய்மார்கள் அனுபவத்தினால் அறிந்திருப்பதும் இதுவேயன்றோ.

நமக்கு இன்னும் நெருங்கியதோர் ஆராய்ச்சி உண்டு. ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்ற மானிடவியலாளர், சென்னையின் புறநகரில், பழைய கிராமங்களும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு பகுதியில் நெடுநாள் தங்கியிருந்து, அதற்குப் ‘பஞ்சகிராமி’ என்ற புனைபெயரிட்டு எழுதிய ஆங்கில நூல் 2017இல் லண்டனில் வெளியாயிற்று. புதிய சாதனங்கள் புதிய மனிதர்களை உண்டாக்கிவிடும் என்று எதிர்பார்த்துச் செல்பவருக்கு அந்நூல் வியப்பளிக்கும். ஜாதியும் வர்க்கமும் உறவுமுறையும் அப்படியே கைப்பேசிக்குள் குடியேறியிருந்தன. முகநூலில் அறிமுகமானவரையும் அண்ணா என்றும் அக்கா என்றும் உறவாக்கிக்கொண்டார்கள். அலுவலகத்தில் அமர்ந்தபடியே நாள் முழுவதும் வீட்டு விவகாரங்களை விசாரித்துக்கொண்டார்கள். இளம்பெண்களின் கைப்பேசி உபயோகத்தை வீட்டுப் பெரியவர்கள் கண்காணித்தார்கள். புக்ககத்தார் கடிதத்தைப் பிரித்துப் படித்த அந்தப் பழைய கண்காணிப்பு, உருமாறி இன்னும் சில வீடுகளில் நீடிக்கிறது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

பல சாதனங்கள் ஒருங்கே கைவசம் இருக்கும்போது, எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது என்று, பிரிட்டனில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் தாய்மாரையும் ஊரில் விடப்பட்ட அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்த மிர்கா மதியானூவும் டேனியல் மில்லரும் 2012இல் எழுதினார்கள். அந்தக் கருத்தை நம் நாட்டுக் கல்யாணப் பத்திரிகையைவிடத் தெளிவாக விளக்குவது வேறொன்றில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, குங்குமச் சிமிழோடு தம்பதிகளாகச் சென்று அழைப்பது முதல் தரம். தூரத்திலிருப்பவருக்குத் தபாலில் அனுப்பும்போது, ‘நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து’ என்று மன்னிப்புக் கோருவதுபோல ஒரு வரியைச் சேர்ப்பது இரண்டாம் தரம். இன்று கைப்பேசியில் பத்திரிகையின் படம் வருகிறது. அந்தப் படம் வந்த கையோடு ஓர் அழைப்பும் வந்து, ‘பத்திரிகை அனுப்பியிருக்கிறேன், அத்திம்பேர், நீங்கள் வந்து நடத்திக் கொடுக்க வேண்டும்’ என்று குரல் கேட்டால், அழைக்கப்பட்டவர் மனம் குளிர்ந்து புறப்படுகிறார். படம் மாத்திரம் வந்தால், அதுவும் நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவில் வந்தால், ‘நமக்கென்று சொல்லவில்லையே’ என்ற சிறு மனத்தாங்கலோடு பந்தியில் உட்காருகிறார், அல்லது வராமலே இருந்துவிடுகிறார். நவராத்திரியில் கொலுவுக்கு அழைப்பதும் இப்படியே. வீடு வீடாகப் பாவாடை கட்டிய பெண் குழந்தையை அனுப்பிக் குங்குமம் கொடுத்து அழைத்த தெருக்களில், ‘இன்று மாலை அனைவரும் வருக’ என்ற ஒரு பொதுச் செய்தி வருகிறது. அழைப்பு என்னவோ வந்துவிட்டது. அழைக்கப்பட்டவள் யார் என்பதுதான் அதில் இல்லை.

இதே காரணத்தால்தான் காலை வணக்கப் படங்களைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். ரோஜாப்பூவும் உதயசூரியனும் ஒரு பொன்மொழியுமாக இந்தியாவெங்கும் விடியற்காலையில் பறக்கும் இப்படங்கள் கைப்பேசிகளின் நினைவகத்தையே நிறைத்துவிடுகின்றன என்பதைக் கூகிள் நிறுவனத்தார் கண்டறிந்து, அவற்றைக் களைவதற்கான செயலி ஒன்றை 2017இன் இறுதியில் வெளியிடும் அளவுக்கு இது பெருகியது. அவற்றை அனுப்பும் முதியவர்களைப் பரிகசிப்பது பாவம். லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடை முடித்து, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தொட்டு அனுப்பும் பெரியவர், ‘நான் இன்னும் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?’ என்று கேட்கிறார். கேள்வி ஆழமானது. அது ஒரு ரோஜாப்பூவின் வேஷத்தில் வருவதால், வாங்குகிறவனும் ஒரு கைகூப்பிய சித்திரத்தைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறான். நாள் தவறாமல் தொடர்பு இருந்துகொண்டே இருக்கும்போதே, அவருக்கு முழங்கால் வலி அதிகமானதும், அவனுக்கு வேலை போனதும் ஆறு மாதம்வரை ஒருவருக்கொருவர் தெரியாமல் போவது இதனால்தான். குடும்பக் குழுக்களில் சகோதரர்களுக்குள் அரசியல் வாக்குவாதம் மூண்டு, பேச்சே நின்றுபோன வீடுகளும் உண்டு. நேரில் என்றால் அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துப் பேச்சை மாற்றியிருப்பாள்.

சாதனங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கைவிட்ட தருணம் ஒன்றைச் சென்னை கண்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாற்றின் தாழ்ந்த தெருக்கள் எல்லாவற்றிலும் புகுந்தது. மின்சாரம் நின்றது, செல்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. 1878 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் ‘தி இந்து’ நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமையால், மறுநாள் சென்னையில் வெளிவரவில்லை. முதல் மாடியில் ஒரு மெழுகுவத்தியோடு அமர்ந்திருந்த முதிய தம்பதிகளின் பிள்ளைகள், கலிபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் மீண்டும் மீண்டும் எண்ணை அழுத்தி, பதில் வராமல் தவித்தார்கள். தினந்தோறும் முகம் பார்த்துப் பேசியவர்களுக்கு, பெற்றோர் குடியிருக்கும் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யார், அவருடைய எண் என்ன என்பது தங்களுக்குத் தெரியாது என்ற உண்மை அப்போதுதான் உறைத்தது. அந்த நாட்களில் இரண்டு விதமான உறவுகள் காப்பாற்றின. ஒன்று, இடுப்பளவு நீரில் பால் பாக்கெட்டையும் ரொட்டியையும் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்த அண்டை அயலாரும், படகோடு நகரத்துக்குள் வந்த மீனவர்களும். மற்றொன்று, சமூக வலைத்தளங்களில் முகமறியாத இளைஞர்கள், ‘இந்தத் தெருவில், இந்த வீட்டில், மூத்த குடிமக்கள் இருவர், மருந்து தேவை’ என்று விலாசத்தோடு எழுதி எழுதி, யாரேனும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதும்வரை விடாமல் பின்தொடர்ந்த அந்தப் பெருமுயற்சி. டிஜிட்டல் சாதனம் உறவைக் கெடுக்கும் என்று சொல்வோருக்கு அந்த வாரமே மறுப்பு. அங்கே அனுப்பப்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கதவு எண் இருந்தது, ஒரு மனிதர் இருந்தார், ஒரு பதில் வேண்டியிருந்தது.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் மார்கழி சங்கீத விழா திரைக்கு மாறிய அனுபவத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பாட்டு குறைவின்றிக் கேட்டது. டொராண்டோவிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் ரசிகர்கள் கேட்டார்கள். சபா காண்டீனில் வாழையிலைக்கு முன்னால், பெயர்கூடத் தெரியாத பக்கத்து ரசிகரோடு தோடி ராகத்தைப் பற்றி வாதாடும் சிநேகம் மாத்திரம் அந்த வருஷம் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் கணக்கு இப்படி முடிகிறது. மிக நெருங்கிய உறவுகள், அதாவது பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உயிர் நண்பர் ஆகியோரின் உறவுகள், நவீன சாதனங்களால் தேயவில்லை. கடல் கடந்த குடும்பங்களில் அவை கடித காலத்தைவிட உறுதிபெற்றே இருக்கின்றன. தேய்ந்தது நடு வட்டம்: ஒன்றுவிட்ட சித்தப்பா, அத்தையின் நாத்தனார், பழைய தெருவின் அண்டைவீட்டார், தபால்காரர், எஸ்.டி.டி. பூத்துக்காரர். இவர்களோடு நமக்கிருந்த உறவு நேரே நாம் தேடிப்போய் வளர்த்ததன்று. செய்தி அவர்கள் வழியாகப் போகவேண்டியிருந்ததால் தானே வளர்ந்தது. செய்தி நேராகப் போகத் தொடங்கியதும், வழியில் இருந்த மனிதர்கள் கைவிடப்பட்டார்கள். அவர்களை இனிமேல் நாமாகத்தான் தேடிப்போக வேண்டும்.

மற்றொரு இழப்பு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை; முப்பது வருஷம் கழித்துத் தெரியும். ஐயரவர்களுக்கு வந்த கடிதங்களைப் போல, புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்களைப் போல, இன்றைய குடும்பங்களின் உரையாடல் எங்கே மிஞ்சப்போகிறது? குரலில் பேசியது காற்றோடு போகிறது. கைப்பேசி பழுதானாலோ, கணக்கு மூடப்பட்டாலோ, எழுதியதும் போகிறது. ஒரு தலைமுறை முழுவதும் நாள்தோறும் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு தாள்கூட மிச்சம் வைக்காமல் போய்விடும் அபாயம் உண்மையானது.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது, பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டிக்குள் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு இருந்தால், அதைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே அவரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு கடிதமும் யார் யாருக்கு எழுதியது, எந்த ஊரிலிருந்து, என்ன சந்தர்ப்பத்தில் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். அவர் சொல்லுவதைக் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். வைத்துக் காக்க இடமில்லாதவர்கள் பெசன்ட் நகரில் உள்ள ஐயரவர்களின் நூல்நிலையத்தையோ, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ அணுகி யோசனை கேட்கலாம்.